முகமலர்ச்சி

அந்தச் சன்னல் பலகையக் கொஞ்சம் எறக்கி விடு தாயி. காத்து மூஞ்சில அடிக்கி. ஆங், போதும் போதும். தென்காசி போய்ச் சேருததுக்குள்ள இந்த டிரைவர் நம்ம இடுப்ப ஒடிச்சிருவான் போலருக்கு.

நீ எந்த ஊருன்னு சொன்ன? பாவூர்ச்சத்திரமா? அங்கனதான் படிச்சியா? அப்போ உலகம்மா டீச்சர ஒனக்குத் தெரியணுமே. நல்ல ஒசரம். வெள்ளச் சீல. என்னது, ஒண்ணாப்பே அவகிட்டத்தான் படிச்சியா! பாத்தியா, இவ்வளவு சீட்டு காலியாக் கெடக்கையில நான் ஒன் பக்கத்துல வந்து ஒக்காந்தது சும்மா இல்ல.

நானும் டீச்சர்தான். அம்பாசமுத்திரத்துல ஹெட்மிஸ்டிரஸா இருந்து ரிட்டையர் ஆனேன். ஆவுடையம்மா டீச்சர்னு கேட்டா அந்தப் பக்கம் சின்னப் பிள்ளகூடச் சொல்லும். ஒங்க உலகம்மா டீச்சர் என்னையப் பத்தி ஏதாவது சொல்லியிருக்காளா? ஒரு வார்த்தகூட இல்லியா? சும்மா பேச்சுவாக்குலகூட? இருக்காது. சொல்ல மாட்டா. நாப்பது வருசம் ஆவப் போவுது, எங்கிட்ட அவ பேசி. டீச்சர்மாரு மாநாட்டுல ரெண்டு மட்டம் பாத்திருக்கேன். நான் கிட்டப் போனா, யாரோ கூப்பிட்டாப்புல அந்தப் பக்கம் திரும்பிருவா. அப்படி நான் என்ன செஞ்சிட்டேன்னு நீயே சொல்லு. நீ வெளியாளு. நடந்தத அப்படியே சொல்லுதேன், நீ நியாயம் சொல்லு.

நானும் அவளும் திருநவேலில ஒரே டிரெயினிங் ஸ்கூல்ல படிச்சோம். ரெண்டு வருசப் படிப்பு. பொம்பளைய மட்டும் படிக்கிற எடம், ஆஸ்டலும் அங்கனயேதான். நாங்க சேந்த காலம் நெல்லு வெல விழுந்த காலம். ஒங்க வீட்டுல பெரியவங்க சொல்லிக் கேட்டிருப்ப. வெளைஞ்சும் பட்டினி. வித்த நெல்லு தீர்வைக்கே காணாது. மொத வருசம் ஆஸ்டல்ல படுக்க எடம் கெடையாது, அவ்வளவு பிள்ளைய. மறு வருசம் பாத்தா ஒவ்வொருத்தியா டிரங்குப் பெட்டியத் தூக்கிட்டுப் போறா. அவங்க அப்பா வந்து வாசல்ல தலையக் குனிஞ்சிக்கிட்டு நிப்பாரு. மக அழுதுக்கிட்டே வண்டில ஏறுவா. மரத்தடியில டிரில் எடுக்கையில வரிசை நாளுக்கு நாள் குட்டையாயிக்கிட்டே வரும். காலையில கம்மங்கஞ்சி, ராத்திரியும் கம்மங்கஞ்சி. சாக்கட்டியக்கூட ரெண்டா ஒடிச்சித்தான் குடுப்பாவ. வெளிச்சம் போவதுக்குள்ள படிச்சி முடிக்கணும், வெளக்குக்கு எண்ணெய் கெடையாது.

ஆனா விதவப் பிள்ளைகளுக்கு மட்டும் கொஞ்சம் எடம் இருந்துச்சு. அதுக்குச் சோறும் சும்மா, படிப்பும் சும்மா. நான் அதுலதான் சேந்தேன். ஒம்போது வயசுல ஸ்ரீவைகுண்டத்துல கெட்டிக் குடுத்தாவ. பெரியவளாகுததுக்கு முன்னாலயே அவரு காலராவுல போயிட்டாரு. மொகம் ஞாபகமில்ல. காதுல கடுக்கன் போட்டிருப்பாரு, அது மட்டுந்தான் ஞாபகம் இருக்கு. அதுலருந்து வெள்ளதான். தெருவுல நான் எதுக்க வந்தா ஆளுக நின்னுட்டுப் போவாவ. அப்பேர்ப்பட்ட எங்களப் பாத்து அந்த ஒரு வருசம் மட்டும் மத்த பிள்ளைய பொறாமப்பட்டாளுவ, கேட்டியா. பெட்டியத் தூக்கிட்டுப் போன ஒருத்தி, எனக்கும் ஒரு வெள்ளச் சீல இருந்தா இங்கனயே இருந்திருவேனேன்னு அழுதா. எனக்கு அவள அறையணும் போல இருந்துச்சு.

உலகம்மாளும் விதவ எடத்துலதான் சேந்திருந்தா. தென்காசிப் பக்கம் ஒரு கிராமம். புருசன் மலாய்க்குப் போயி ரப்பர் தோட்டத்துல வேல பாத்து அங்கனயே காய்ச்சல்ல செத்துப் போனாருன்னு சொன்னா. என்னைவிட ரெண்டு வயசு மூத்தவ. ஆனா அவளுக்கு ஒண்ணும் தெரியாது. சேந்த புதுசுல ரோட்டுல வளையல்காரன் சத்தம் கேட்டா எட்டிப் பாப்பா. தலைய வாரி முடிஞ்சிட்டு, கை தன்னால பின்னால போவும், பூ வைக்கதுக்கு. நாந்தான் ஒவ்வொண்ணாச் சொல்லிக் குடுத்தேன். ஏட்டி, விதவைன்னா இப்படி இருக்கணும், சத்தமாச் சிரிக்கப்படாது, கண்ணாடி பாக்கப்படாதுன்னு. சொன்னதெல்லாம் கேட்டுக்கிடுவா. என் கஞ்சில உப்பு பத்தலன்னா தன் உப்பத் தருவா. எனக்குக் கணக்கு வராது, அவதான் சொல்லித் தருவா. எனக்கு அதுக்கு முன்னால சினேகிதின்னு ஒருத்தி கெடையாது தாயி. பொறகும் கெடையாது. அதையும் சொல்லிருதேன்.

சூப்பிரண்டு ஞானாபரணம் அம்மா. வேதக்காரங்க, கிறிஸ்தவங்க. கல்யாணமே பண்ணிக்கிடாதவங்க. நல்லவங்கதான், ஆனா சட்டம்னா சட்டம். என்னைய மானிட்டரா வச்சிருந்தாவ. மானிட்டர்னா மணியடிக்கது, சீல தொவைச்சிருக்கான்னு பாக்கது மட்டும் இல்ல. சனிக்கிழம மத்தியானம் சொந்தக்காரங்க பாக்க வருவாங்க. அதுக்குன்னு வாசல் பக்கம் ஒரு அறை. பாக்க வந்தது ஆம்பளன்னா, அப்பனா இருந்தாலும் சரி, அண்ணனா இருந்தாலும் சரி, கதவத் தொறந்து போட்டுட்டு மானிட்டர் உள்ள ஒரு ஸ்டூல்ல ஒக்காந்திருக்கணும். அவங்க பேசி முடிக்க வரைக்கும் எந்திரிக்கப்படாது. பொம்பளப் பிள்ளைய தங்குத எடம், அதுவும் விதவைய இருக்குத எடம். ஊரு நாலு விதமாப் பேசும்லா. அதுக்குத்தான்.

ரெண்டாம் வருசம், பரீச்சைக்கு முன்னால ஒரு சனிக்கிழம. காவக்காரர் மாசானம் வந்து, உலகம்மா அண்ணன் வந்திருக்காருன்னு சொன்னாரு. இவ சாக்கட்டி மாவக் கையில தட்டிக்கிட்டே வந்தா. வாசப்படியில அவரப் பாத்ததும் நின்னுட்டா. நான் முன்னால போயி ஸ்டூல்ல ஒக்காந்தேன்.

அவரு பெஞ்சில ஒக்காந்திருந்தாரு. கறுத்து, வத்தி, கண்ணு மட்டும் பெரிசா. சட்டை அவரு மேல தொங்குது. இவ உள்ள வந்ததும் எந்திரிச்சாரு. தங்கச்சி வந்தா எந்த அண்ணன் எந்திரிப்பான்? எனக்கு அப்பவே சுருக்குன்னுச்சு. இவள மேலயும் கீழயும் பாத்தாரு. வெள்ளச் சீலைய, வெறுங்கழுத்த, வெறும் நெத்திய. அப்புறம் பெஞ்சில இருந்த ஒரு எலப் பொட்டலத்த மெள்ள எடுத்து துண்டுக்கடியில வச்சாரு. ஆனா வாசம் எங்கன போவும்? பிச்சிப்பூ. அறை முழுக்க பிச்சிப்பூ வாசம்.

விதவத் தங்கச்சியப் பாக்க எந்த அண்ணனாவது பிச்சிப்பூ வாங்கிட்டு வருவானா தாயி? பழக்கம். பொண்டாட்டியப் பாக்கப் போனா பூக்கடையில கை தன்னால நீளும். அவருக்குத் தெரியும், அவரு ஆத்தா எல்லாத்தையும் சொல்லித்தான் அனுப்பியிருக்கா. இருந்தாலும் மறந்துட்டாரு.

"சாப்ட்டியளா?"ன்னா இவ.

"ஆச்சு."

"மேலுக்கு எப்படி இருக்கு?"

"கப்பல்ல வரும்போதே காய்ச்சல். விட்டு விட்டு அடிக்கி."

"அத்த எப்படி..."ன்னு ஆரம்பிச்சவ என்னையப் பாத்துட்டு, "அம்மா எப்படி இருக்காவ?"ன்னு மாத்திக் கேட்டா.

"இருக்கா."

பொறகு அவரு, "வெள்ள ஒனக்கு..."ன்னாரு. அதோட நிறுத்திட்டாரு. "இன்னும் எவ்வளவு நாளு?"ன்னு கேட்டாரு.

"பரீச்ச வரைக்கும். பாடம் ஒண்ணு நடத்திக் காட்டணும். அது முடிஞ்சா வேல உண்டு."

"சரி. படி. நல்லாப் படி"ன்னாரு. ஒரு மட்டம்கூட இவ அண்ணேன்னு சொல்லல, அவரு பேரு சொல்லிக் கூப்பிடல. ரெண்டு பேரும் என்னையப் பாக்காங்க, சொவத்தப் பாக்காங்க. எனக்கு ஒக்காந்திருக்க ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. ஆனா எந்திரிக்கப்படாதுல்லா.

அவரு போனப்பொறம் பாத்தா, பொட்டலம் பெஞ்சுக்கடியில கெடக்கு. உலகம்மா எடுக்கல. எடுக்க முடியாது. நாந்தான் எடுத்தேன். எனக்குச் சின்னதுல எங்க அம்மா தல நெறைய வச்சி விடுவா. அதுக்கப்புறம் தொட்டதில்ல. ஈரமா, குளுந்து போயிருந்துச்சு. யாரும் பாத்துட்டா நம்ம மேல பழி வருமேன்னு கொல்லையில கொண்டு போயிப் பொதச்சிட்டேன். கையக் கழுவிக் கழுவிப் பாத்தேன், சவம், அந்த வாசம் போவ மாட்டேங்கி.

மறுநா கெணத்தடியில அவளப் பிடிச்சேன். அவரு யாருட்டின்னு கேட்டேன். அண்ணன்னா. என் கண்ணப் பாத்துச் சொல்லுன்னேன். ஒடனே ஒடஞ்சிட்டா. எல்லாத்தையும் சொல்லிட்டா.

அவரு பேரு குற்றாலலிங்கம். கெட்டுன புருசன். மலாய்ல தோட்டத்த மூடிட்டாங்க, ஒரு சேதியும் இல்ல. ஊர்ல இவளும் மாமியாளும் வேப்பம்பழம் பெறக்கித் தின்ன நெலம. இவ எட்டாப்பு பாசு. ஆனா கெட்டிக் குடுத்த பிள்ளைகள டிரெயினிங்ல எடுக்க மாட்டாங்க, பாதியில பிள்ளத்தாச்சியாப் போயிருவான்னு. அப்போ அந்த மாமியாதான் சொல்லியிருக்கா, எம் மவன் உசிரோடதான் இருப்பான், இது வெறும் வேசந்தான், ரெண்டு வருசம் கட்டிக்கிட்டு வான்னு. தாலிய அந்தம்மாதான் தன் கையாலக் கழட்டி அரிசிப் பானையில போட்டு வச்சாளாம். அதுல அரிசி இல்லாததுனால கண்ணுக்குத் தெரிஞ்சிக்கிட்டே இருக்கும்னு சொன்னா. தெரிஞ்சவங்க ஒருத்தரப் பிடிச்சி விதவைன்னு எழுதி வாங்கிட்டு இங்க வந்துட்டா. அவ வந்து ஒரு வருசத்துக்கப்புறம் அவரு திரும்பி வந்திருக்காரு, வெறுங்கையோட, காய்ச்சலோட.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? நீ சொல்லு தாயி. நான் நெசமான விதவ. என் பக்கத்துல படுத்து, எங்கூட ஏகாதசி இருந்து, நான் சொல்லிக் குடுத்த ஒவ்வொண்ணையும் தலையாட்டிக் கேட்டவ சுமங்கலி! எனக்கு அவ மேல கோவமா, அழுகையான்னு தெரியல. ஆனா ஒண்ணு சொல்லுதேன். நான் சூப்பிரண்டு அம்மாகிட்ட போயிச் சொல்லல. சொல்லியிருந்தா அன்னைக்கே வெளிய. தின்ன சோத்துக்கும் பதில் சொல்லணும். வேற எவளா இருந்தாலும் சொல்லியிருப்பா. நான் சொல்லல. இன்னைக்கு வரைக்கும் ஒரு ஈ காக்காகிட்டகூடச் சொன்னதில்ல. நீயும் யார்கிட்டயும் சொல்லிராத, என்ன?

அவ என் கையப் பிடிச்சிக்கிட்டு ஒண்ணு கேட்டா. "அடுத்த சனிக்கிழம வருவாவ ஆவுடை. கொஞ்ச நேரம் நீ வெளிய நிப்பியா? வாசல்லயே நில்லு, கதவு தொறந்தே இருக்கட்டும். அவுக நெத்தியத் தொட்டு காய்ச்சல் இருக்கான்னு பாக்கணும். அவ்வளவுதான்"ன்னா.

நான் மாட்டேன்னுட்டேன். வாயத் தொறக்காம இருக்குததே பெரிசு. அதுக்கு மேல சட்டத்த மீற முடியுமா? இவளுக்கு ஒரு சட்டம் மத்தவங்களுக்கு ஒரு சட்டமா? எனக்கு எவன் வந்தான் நெத்தியத் தொட்டுப் பாக்கதுக்கு? நான் அப்படிச் சொல்லல, இப்போ சும்மா சொல்லுதேன். அப்போ சொன்னது இதுதான். "ஏட்டி, அவரு இன்னொரு மட்டம் வந்தா மாட்டிக்கிடுவ. பிச்சிப்பூ வாசம் ஞானாபரணம் அம்மா மூக்குக்குப் போவாதா? பரீச்ச முடியட்டும். பொறகு ஆயுசு பூரா நெத்தியத் தொட்டுப் பாரு"ன்னேன். புத்திதான சொன்னேன்? அவ தண்ணிக் கொடத்த எடுத்து இடுப்புல வச்சிக்கிட்டுப் போயிட்டா.

அடுத்த சனிக்கிழம நான் முன்கூட்டியே வாசலுக்குப் போயிட்டேன். அவ புதங்கிழம நடத்திக் காட்ட வேண்டிய பாடத்துக்குப் படம் வரஞ்சிக்கிட்டு இருந்தா, அவளத் தொந்தரவு பண்ண வேண்டாம்னு. அவரு வந்தாரு. துண்டப் போத்திக்கிட்டு, அந்த வெயில்லயும் நடுங்கிக்கிட்டு. கையில பூ இல்ல. அதப் பாத்துட்டேன்.

"உலகம்மாளுக்குப் பாடம் இருக்கு. இன்னைக்குப் பாக்க முடியாது"ன்னேன்.

"ஒரு நிமிசம் தாயி. பெறத்தால நின்னு பாத்துட்டுப் போயிருதேன். பேசக்கூட வேண்டாம்"ன்னாரு.

"நீங்க இங்க வாரது அவளுக்குத்தான் கெடுதல். ஒங்களுக்கே தெரியும்"னேன். அப்படிச் சொன்னதும் அவருக்கு வெளங்கிட்டு, எனக்குத் தெரியும்னு. மொகம் செத்துப் போச்சு. சரின்னாரு. தண்ணி வேணும்னு கேட்டாரு. நானே போயி செம்புல கொண்டாந்து குடுத்தேன். மாசானத்துகிட்ட சொல்லியிருக்கலாம், ஆனா நானே போயிக் குடுத்தேன். இதையெல்லாம் அவ நெனச்சிப் பாக்க மாட்டா. குடிச்சிட்டு, "நல்லாருப்ப"ன்னாரு. ஆத்துப் பக்கமா நடந்து போனாரு. ஊருக்கு மோட்டார் நிக்கது அந்தப் பக்கம் இல்லியேன்னு நெனச்சேன். கூப்பிட்டுச் சொல்லலாமான்னு பாத்தேன். அதுக்குள்ள மணியடிக்க நேரமாயிட்டு.

அவ சாயங்காலம், அவுக வந்தாவளான்னு கேட்டா. வரலன்னு சொன்னேன். எதுக்கு அவ மனசக் கலைக்கணும்? புதங்கிழமப் பாடம்னா சும்மாவா? அதப் பத்திச் சொல்லணும் ஒனக்கு. இப்பமும் டிரெயினிங்ல இருக்கும்னு நெனக்கேன். பரீச்சைக்கு முன்னால ஒவ்வொருத்தியும் மாடல் ஸ்கூல் பிள்ளைகளுக்கு ஒரு பாடம் நடத்திக் காட்டணும். பின்னால இன்ஸ்பெக்டிரஸ் அம்மா, சூப்பிரண்டு அம்மா, கூடப் படிக்கிறவ அத்தன பேரும் ஒக்காந்திருப்போம். பாடம் முடிஞ்சதும் ஒவ்வொருத்தியா எந்திரிச்சி குறை சொல்லணும். கட்டாயம். குறை சொல்லத் தெரியாதவளுக்குப் பாடம் நடத்தவும் தெரியாதுன்னு எழுதிருவாங்க. மொதல்ல மானிட்டர் எந்திரிக்கணும். எல்லாரும் சொல்லி முடிச்சப்பொறம் நடத்துனவ எந்திரிச்சி, குறை சொன்னதுக்கு வந்தனம்னு சொல்லி ஒக்காரணும். அதுல தேறலன்னா அந்த வருசமே போச்சு.

புதங்கிழம காலையில, நாங்க கஞ்சிக்கு வரிசையில நிக்கோம். மாசானம் ஓடி வாராரு. சூப்பிரண்டு அம்மா முன்னால வச்சே சொல்லிட்டாரு. "உலகம்மா அண்ணன் செத்துட்டாரும்மா. ஆத்தோரம் மண்டபத்துல சனிக்கிழமையிலருந்து காய்ச்சலோட கெடந்திருக்காரு. யாருன்னு தெரியாமக் கெடந்திருக்கு. இன்னைக்குக் காலையில நாந்தான் அடையாளம் பாத்தேன். சனிக்கிழம வாசல்ல வந்து நின்னாருல்லா, மானிட்டரம்மாகூட தண்ணி குடுத்து அனுப்பினாவளே, அவரேதான்"ன்னாரு.

அவ என்னையப் பாத்தா. வேற ஒண்ணும் செய்யல. கஞ்சிச் சட்டி கையில அப்படியே இருக்கு. என்னையப் பாத்தா.

ஞானாபரணம் அம்மாவுக்கே கண்ணு கலங்கிட்டு. "போயிட்டு வாம்மா. ஆனா இன்ஸ்பெக்டிரஸ் இன்னைக்குத்தான் வாராங்க. நீ போனா அடுத்த வருசந்தான் பாடம். அடுத்த வருசம் இந்தப் பள்ளிக்கூடம் இருக்குமோ என்னமோ, எனக்கே தெரியல. நீயே யோசிச்சிச் சொல்லு"ன்னாவ.

அவ எப்படிப் போவா? போனா, சேதி கேட்டு அங்கன மாமியா வந்திருவா. அந்தக் கெழவி, "எம் மவன் போயிட்டானே, ஒன் தாலி போச்சே"ன்னு இவளக் கட்டிப் பிடிச்சி அழ மாட்டாளா? திருநவேலி பூரா தெரிஞ்சிரும். அழுதாலும் அண்ணனுக்கு அழுத மாதிரித்தான் அழணும். விதவையா நடந்துக்கிட எங்கிட்டப் படிச்சித் தேறுனவ அவ, எப்படி அழணும்னு தெரியும் அவளுக்கு. ஆனா அழல. "ஊர்ல சித்தப்பா இருக்காவ, ஆள் அனுப்புங்க. அவுக பாத்துக்கிடுவாவ. நான் பாடம் எடுக்கேன்"ன்னா.

நான் அவ பக்கத்துல போயி நின்னேன். தோளத் தொட்டேன். மத்த பிள்ளைகளுக்குப் புருசன் செத்தா வளையல ஒடைப்பாங்க, பூவப் பறிப்பாங்க, நாலு பேரு கூடி அழுவாங்க. அவகிட்ட ஒடைக்க என்ன இருக்கு, பறிக்க என்ன இருக்கு? எல்லாத்தையும் முன்கூட்டியே குடுத்துட்டா. நேத்து எப்படி நின்னாளோ அப்படியே நிக்கா. அவ தோள நகத்திக்கிட்டா.

மத்தியானம் பாடம். பொருட்பாடம்னு சொல்லுவோம். ஒரு சாமானக் கொண்டாந்து வச்சி அதப் பத்திப் பிள்ளைகளையே பேச வைக்கணும். அவளுக்கு வந்தது வாழமரம். தோட்டத்துலருந்து ஒரு கன்ன வேரோட பிடுங்கிட்டு வந்து மேச மேல வச்சிருந்தா. நல்லாத்தான் நடத்துனா. எல பாத்தீங்களா, தண்டு பாத்தீங்களா, பூவு எதுக்கு, நாரு எதுக்குன்னு. குரல் நடுங்கல. "வாழமரத்த எங்கெங்க கட்டுவாங்க?"ன்னு கேட்டா. ஒரு பிள்ள, "கல்யாண வீட்டுல"ன்னுச்சு. "கோயில் கொடைத் திருவிழாவுல"ன்னுச்சு இன்னொண்ணு. கடைசி வரிசையில ஒரு சின்னக்குட்டி எந்திரிச்சி, "எங்க அப்பா செத்தப்போ பாடையில கட்டுனாங்க டீச்சர்"ன்னுச்சு.

எல்லாருக்கும் அண்ணன் செத்தது தெரியும்லா. நான் மூச்சப் பிடிச்சிக்கிட்டு இருந்தேன். அவ அந்தப் பிள்ளகிட்டப் போனா. தலையத் தடவுனா. "சரியாச் சொன்ன. உக்காரு"ன்னா. போயி பலகையில கல்யாணம், கொடைன்னு எழுதியிருந்ததுக்குக் கீழ அதையும் எழுதுனா. பாடத்த மணி அடிக்க வரைக்கும் நடத்தி முடிச்சா.

பொறகு குறை சொல்லணும். மொதல்ல நான். இன்ஸ்பெக்டிரஸ் அம்மா பேனாவத் தொறந்து வச்சிக்கிட்டு என்னையப் பாக்காவ. நான் என்ன செய்ய? குறையே இல்லன்னா ரெண்டு பேரையும் சந்தேகப்படுவாங்க, சினேகிதிக்காகப் பேசுதான்னு. பெருங்குறை சொன்னா அவளுக்கு மார்க்கு போயிரும். அவளுக்காக யோசிச்சி யோசிச்சி, இருக்குததுலயே சின்னக் குறையா ஒண்ணு எடுத்தேன். எந்திரிச்சி நின்னு சொன்னேன். "பாடம் நன்றாக இருந்தது. ஆனால் ஆசிரியையிடம் முகமலர்ச்சி இல்லை. தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஆசிரியை ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை."

சின்னக் குறைதான? யாருக்கும் வாரதுதான? இன்ஸ்பெக்டிரஸ் அம்மா தலையாட்டி எழுதிக்கிட்டாவ. சரியான குறைன்னு என்னையப் பாராட்டக்கூடச் செஞ்சாவ.

மத்தவளுக யாரும் ஒண்ணும் பெருசாச் சொல்லல. கடைசியா உலகம்மா எந்திரிச்சா. எல்லாரையும் பாத்துச் சொல்லணும்னு வழக்கம். அவ என்னைய மட்டும் பாத்துச் சொன்னா. "குறையை எடுத்துச் சொன்னதற்கு வந்தனம். இனிமேல் சிரிக்கிறேன்." அப்படிச் சொல்லிட்டு, அங்கன நின்ன எடத்துலயே, என்னையப் பாத்துச் சிரிச்சா தாயி. பல்லு தெரிய. நான் எத்தனையோ பேரோட சாவப் பாத்திருக்கேன். அந்தச் சிரிப்ப மட்டும் நெனச்சா இன்னைக்கும் எனக்கு ஒறக்கம் வராது.

அதுதான் கடைசி. பரீச்ச முடிஞ்சது, அவளும் பாசு, நானும் பாசு. வேல கெடச்சி மாமியாளையும் கூட்டிட்டு ஒங்க ஊருக்கு வந்துட்டான்னு கேள்விப்பட்டேன். நான் காயிதம் போட்டேன், பதில் இல்ல. நேர்ல பாத்தாலும் பேச்சு இல்ல. ரகசியத்தக் காப்பாத்துனவ நான். படிப்பக் காப்பாத்துனவ நான். அன்னைக்கு அவர உள்ள விட்டிருந்தா மட்டும் பொழச்சிருப்பாரா? காய்ச்சல்காரரு. விதி. நான் என்ன, காய்ச்சலக் குடுத்தனா?

அன்னா ஆலங்குளம் தாண்டியாச்சு. அடுத்து ஒங்க ஊருதான். ஏன் தாயி, ஒரு மாதிரி இருக்க? பஸ்ஸு ஒத்துக்கிடலியா? எலுமிச்சம்பழம் இருக்கு, தரட்டா?

என்ன சொல்லுத? மெள்ளச் சொல்லாத, இந்த எஞ்சின் சத்தத்துல கேக்கல. டீச்சரா? எப்பமும் சிரிச்ச மொகமாத்தான் இருப்பாவளா? அடிக்கக் கம்பு எடுக்கும்போதுமா? அந்தப் பாட்டி, அவ மாமியா செத்து, அதுக்கு மறுநாளே வந்து சிரிச்சிக்கிட்டே பாடம் நடத்துனாவளா? ஒங்களுக்கெல்லாம் பயமா இருந்துச்சா? எதுக்குப் பயம்?

பாத்தியா. நான் சொன்னதுதான். அன்னைக்கு நான் எந்திரிச்சிச் சொன்ன அந்த ஒத்தக் குறைய, வேல பாத்த அத்தன வருசமும் அவ மறக்கல. யார் சொல்லையும் கேக்காதவ என் சொல்ல அப்படியே வச்சிருந்திருக்கா.

அப்புறம் எதுக்குத் தாயி எங்கிட்ட மட்டும் பேச மாட்டேங்கா?